ஐம்பத்தெட்டு வரிக் காயம்

கடல் இருந்தது, கரை இருந்தது, சொல்ல ஒரு வாயும் கேட்க ஒரு காதும் வேறு வேலையில்லாமல் இருந்தன. அப்படி ஒரு காலத்திலே சங்குமுனை என்று ஓர் ஊர் இருந்ததாம். ஊருக்கு நடுவே மாதா கோயில், கோயிலுக்குத் தெற்கே நாட்டுப்படகுக்காரர்கள், வடக்கே விசைப்படகுக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஒரே கடல், ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே அரசு ஆஸ்பத்திரி. விசைப்படகு கரையோரம் வந்து இழுத்தால் நாட்டுப்படகுக்காரன் போட்டு வைத்த வலை அறுந்துபோகும், வலை அறுந்தால் அரிவாள் எழும், அரிவாள் எழுந்தால் ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா கம்ப்யூட்டரைப் போடுவாள். மழை மாதிரி, வெயில் மாதிரி, அது வருஷா வருஷம் வந்து போனது.

ஜெசிந்தா தெற்குத் தெருக்காரி. தூத்துக்குடியில் டிப்ளமோ முடித்துவிட்டு ஊருக்கே வந்து காயப் பதிவு அடிக்கிற வேலையில் சேர்ந்தவள். அரசாங்கம் கொடுத்த மென்பொருள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனது. கேட்டால் மேலே சொல்லியிருக்கிறோம் என்றார்கள், மேலே கேட்டால் கீழே சொல்லியிருக்கிறோம் என்றார்கள். அதனால் அவள் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் எழுத்துக் கோப்புகளாகவே எல்லாவற்றையும் வைத்திருந்தாள். காயம்பட்ட ஓர் ஆளுக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு வரி. வரியின் தலையில் காயம்பட்டவர் பேர், அப்புறம் உடம்பில் எந்த இடம், எத்தனை விரல்கடை ஆழம், எந்த ஆயுதம், வரியின் வாலில் வெட்டியதாகச் சொல்லப்படுபவர் பேர். வார்டுக்குள்ளும் வெட்டிக்கொள்ளக் கூடாது என்று தெற்குக்கு ஒரு வார்டு, வடக்குக்கு ஒரு வார்டு வைத்திருந்தார்கள். அதே மாதிரி அவள் கம்ப்யூட்டரிலும், ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக, தெற்குக்கு ஒரு ஃபோல்டர், வடக்குக்கு ஒரு ஃபோல்டர்.

வரியின் வாலுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டியவன் பேரை யாரும் அங்கே கொடுப்பதில்லை. வெட்டியவனுக்குத் தனியாகக் கணக்கு இருக்கிறது, அதைக் கடலில் பார்த்துக்கொள்வார்கள். பதிவில் கொடுக்கிற பேர் எதிர்த்தெருவில் தலையெடுக்கிற பிள்ளையின் பேர்: போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவன், வாத்தியார் பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருக்கிறவன், பாஸ்போர்ட் எடுத்தவன். ஒரு கேஸ் விழுந்தால் போதும், அவன் மறுபடி கரைக்கு வந்து எல்லாரையும் போல வலை இழுப்பான். இதைத் தெற்கும் செய்தது, வடக்கும் செய்தது. ஜெசிந்தா ஆறு வருஷமாக இந்தப் பேர்களை அடித்து வந்தாள். யார் சொன்னாலும் அடித்தாள். அடிப்பதுதானே வேலை.

அந்த வருஷம் வைகாசி மாதம், சேவியர் பிச்சை என்று ஒருவர் இடது கையில் வெட்டோடு வந்து படுத்திருந்தார். ஜெசிந்தா கண் அசந்து வலது என்று அடித்துச் சேமித்தாள். சேமித்ததும் அடுத்த அறையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார், கட்டுப் போட்ட இடது கையில் காயமே இல்லை, ரத்தம் வலது கையில் வருகிறது என்று. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள், தவறைப் பார்த்தாள், வலதை அழித்து இடது என்று போட்டாள். ரத்தம் மறுபடி இடது கைக்கு வந்தது.

"ஏளா, ஒரு எடத்துல வைக்க மாட்டியா?" என்றார் சேவியர் பிச்சை. "அவுத்துக் கட்டி அவுத்துக் கட்டி நர்ஸம்மாவுக்குக் கை கடுக்குது பாரு."

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்தது, மறுநாள் காலையில் வெளியே வரிசை நின்றது. மாப்பிள்ளை ஒருவன் கன்னத்து வெட்டைத் தொடைக்கு மாற்றிக்கொண்டு போனான், கல்யாண ஆல்பத்துக்காக. வலை பின்னுகிற கிழவர் விரல் காயத்தைக் கால் பெருவிரலுக்குக் கேட்டார். பாட்டுக்குழுவில் பாடுகிற பெண் தொண்டையில் பட்ட கண்ணாடிக் கீறலை முழங்கைக்குக் கொண்டுபோனாள். டாக்டர் மீனலோசனி மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தையல் போட வாகான இடத்துக்கு முதலில் மாற்றிக் கொடும்மா, தைத்து முடித்தபிறகு அவர்கள் கேட்கிற இடத்தில் வை, என்று மட்டும் சொன்னார். தெற்குக்குச் செவ்வாய், வடக்குக்கு வியாழன் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார், திருமண ஓலை வாசிப்புக்கும் எண்ணெய் விற்பனை அறிவிப்புக்கும் நடுவில். முதுகுதான் எல்லாவற்றுக்கும் வசதியான இடம், ஆனால் முதுகில் வைத்துக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை, முதுகில் காயம் இருந்தால் ஓடினவன் என்பார்கள் என்று. ஒரே ஒருவன் வைத்துக்கொண்டான். அவன் மாமியார் ஒரு மாதம் அவனுக்குச் சோறு வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. வரியையே அழித்தால் காயம் போவதில்லை. கோப்பிலிருந்துதான் போகும், உடம்பில் இருந்த இடத்தில் இருந்துவிடும், அப்புறம் அதை யாராலும் நகர்த்த முடியாது. எட்டு விரல்கடை ஆழத்தை நான்கு என்று குறைத்தால் மீதி நான்கு பக்கத்திலேயே இன்னொரு வாயாகத் திறக்கும். பிரிக்கலாம், குறைக்க முடியாது. பேரை மாற்றலாமா என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மனசுக்குள் கேட்காதவர்களும் யாருமில்லை.

விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் முடிகிற சமயம், வலதுகைக் காயத்தோடு பதினான்கு பேர் இருந்தார்கள், வலது கை இல்லாமல் வலை இழுக்க முடியாது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மாற்றினால் பொழுது போய்விடும். ஜெசிந்தா ஒற்றை வரிக் கட்டளை எழுதினாள். எல்லாக் கோப்பிலும் நுழைந்து, இந்த மாதிரி இருக்கிற வரியைத் தேடி, இதை எடுத்துவிட்டு அதை வை என்று சொல்கிற கட்டளை. அந்தப் பாஷையில் ஒரு புள்ளி என்றால் எந்த எழுத்தும் வரலாம், ஒரு நட்சத்திரம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால் அதற்கு வயிறு நிறையாது. நிறுத்து என்று சொல்கிற இடம் வரிக்குள் மூன்று தடவை இருந்தால் மூன்றாவது வரைக்கும் தின்றுகொண்டே போகும். ஜெரோம் என்பவருக்கு விரலில் ஒன்று, முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று என்று மூன்று சின்ன வெட்டு ஒரே வரியில் இருந்தது. நட்சத்திரம் முதல் வெட்டில் வாய் வைத்து மூன்றாவதில் எடுத்தது. விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் ஜெரோம் கை ஒரே கோடாகப் பிளந்து, நெத்திலி மீனைப் பிளந்து காயப்போட்ட மாதிரி திறந்துகொண்டது. டாக்டர் நாற்பத்தியொரு தையல் போட்டார். ஜெரோம் பிழைத்தார், அந்தக் கை அப்புறம் மடங்கவில்லை. அன்றிலிருந்து ஜெசிந்தா எந்தக் கட்டளையையும் முதலில் ஒரே ஒரு வரியில் பார்ப்பாள், எது சிக்குகிறது என்று திரையில் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்ப்பாள், பிறகுதான் எல்லாக் கோப்பிலும் விடுவாள்.

தடைக்காலம் முடிந்த அன்று விடிந்ததும் விசைப்படகுகள் கிளம்பின. கிளம்பிய முதல் மணி நேரத்திலேயே நாட்டுப்படகுக்காரர்களின் நூறு வலை போனது. வெயில் ஏறுவதற்குள் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் இரண்டு தெருவும் கலந்துவிட்டது. யார் முதலில் வெட்டினார் என்று கேட்காதீர்கள், அங்கே இருந்தவர்களுக்கே தெரியாது. துடுப்பு தலையில் இறங்கியது, மீன் வெட்டுகிற கத்தி மனுஷனில் இறங்கியது, கொக்கிக்கம்பை ஒருவன் தோளில் மாட்டி இன்னொருவன் கொட்டகைத் தூண் வரை இழுத்துப் போனான், ஐஸ் உடைக்கிற மெஷின் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது, உடைத்த ஐஸ் சிவந்து சிவந்து விழுந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, காயம்பட்டவர்களைக் கதவில் வைத்தும், வலையில் வைத்தும், மீன் கூடை வண்டியில் வைத்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தெற்கில் முப்பத்தியொரு பேர், வடக்கில் இருபத்தேழு பேர்.

முப்பத்தியொரு பேரில் ஒருவன் தொபியாஸ், ஜெசிந்தாவின் தம்பி. வயிற்றில் எட்டு விரல்கடை.

"யாருல வெட்டுனது?" என்று ஜெசிந்தா அவன் வாய்க்கருகே குனிந்து கேட்டாள்.

"யாருன்னு பாக்கல. கை மட்டும்தான் தெரிஞ்சுது," என்றான் தொபியாஸ். "தண்ணி குடு."

தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் இரண்டு பக்கமும் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜெசிந்தா காயத்தைத் தொடைக்கு மாற்றினாள், ரத்தக்குழாய் அறுந்து சுவரில் அடித்தது. தோளுக்கு மாற்றினாள், கை தொங்கிப்போனது, ரத்தம் எலும்புக்குள்ளிருந்து வந்தது. திரும்ப வயிற்றிலேயே வைத்தாள். பிரித்து எட்டு இடத்தில் ஒவ்வொரு விரல்கடையாக வைத்தாள், எட்டு வாயிலிருந்தும் வடிந்தது, டாக்டருக்குக் கை இரண்டுதான். மறுபடி ஒன்றாக்கி வயிற்றுக்கே கொண்டுவந்தாள்.

"ஒரு உடம்பு தாங்குற ஆழம் இல்லம்மா இது. எங்கே வைத்தாலும் சாயங்காலம் வரைதான்," என்றார் டாக்டர்.

அப்போது கஸ்பார் உள்ளே வந்தார். தெற்குச் சங்கத் தலைவர், ஜெசிந்தாவுக்கு அம்மா வழியில் மாமா முறை. இடுப்பில் அரிவாள், அது இன்னும் துடைக்கப்படவில்லை. காலையில் தொபியாஸைக் கொண்டுவந்து போட்டபோது பேர் சொன்னவரும் அவர்தான். வில்பிரட் என்று போடு என்றார். வில்பிரட் வடக்குத் தெரு எமரென்சியாவின் ஒரே மகன், கப்பல் வேலைக்குத் தேர்வாகி மறுநாள் சென்னையில் மெடிக்கலுக்குப் போக இருந்தவன், வெட்டு நடந்த நேரத்தில் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றவன். அவன் கொட்டகைப் பக்கமே வரவில்லையே மாமா என்று ஜெசிந்தா கேட்டாள். அதுக்குத்தானே போடச் சொல்லுதேன் என்றார் கஸ்பார். அவள் அடித்தாள்.

"பேர மாத்து," என்றார் கஸ்பார் இப்போது. "தம்பிய காப்பாத்தணுமா வேண்டாமா? தலையில இருக்கத வாலுக்குக் கொண்டு போ, வாலுல இருக்கத தலைக்குக் கொண்டு வா. ஒன் தம்பிக்கு மட்டும் செஞ்சா மத்த வீட்டுக்காரன் என் சட்டையப் புடிப்பான். நம்ம ஃபோல்டர் முழுசுக்கும் செய்யி. முப்பத்தொண்ணுக்கும்."

"வாலுல இருக்கது வெட்டுனவன் பேரு இல்ல மாமா."

"யாரு இல்லன்னா?"

"நீங்கதான மாமா சொன்னிய. நாந்தான அடிச்சேன்."

"அப்ப அவன்தான் வெட்டுனான்," என்றார் கஸ்பார். "எழுதியிருக்குல்லா."

தொபியாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தண்ணீர் தண்ணீர் என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஜெசிந்தா உட்கார்ந்தாள். தலையை ஓர் அடைப்புக்குள் பிடித்தாள், வாலை ஓர் அடைப்புக்குள் பிடித்தாள், முதலாவதுக்கு ஒன்று என்றும் அடுத்ததுக்கு இரண்டு என்றும் பேர் வைத்து, எழுதும்போது இரண்டை முன்னே வை, ஒன்றைப் பின்னே வை, நடுவில் இருப்பதைத் தொடாதே என்று எழுதினாள். ஒரு வரியில் பார்த்தாள். சரியாகச் சிக்கியது. என்டரைத் தட்டினாள்.

வடக்குத் தெருவில் நர்சிங் படிக்கிற பையன் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவன் மண்டை பிளந்து கீழே வந்தான். ரேஷன் கடையில் அரிசி நிறுக்கிற அல்போன்ஸ், தபாலில் டிகிரி படித்துக்கொண்டிருந்தவர், தராசின்மேல் கழுத்து வெட்டோடு சாய்ந்தார். தோளில் கொக்கித் துளையோடு ஒருவன் சலூன் நாற்காலியிலிருந்து எழுந்தான், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு. பஸ் ஸ்டாண்டில் வில்பிரட், ரோடு திறக்கக் காத்து நின்ற சென்னை பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் மடிக்குள் அவன் குடல் இறங்கியது. கண்டக்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விசில் ஊதினார்.

தெற்கு வார்டில் முப்பத்தியொரு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். "பசிக்குது," என்றான் தொபியாஸ்.

வடக்கு ஆள்கள் வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் தலைவர் ரெமிஜியுஸ் கம்ப்யூட்டர் படிக்காதவர், ஆனால் அவரோடு வந்தவர்களில் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது: மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த கட்டளை அப்படியே திரும்ப வரும், அப்புறம் என்டர். ஜெசிந்தாவை நாற்காலியோடு தள்ளிவிட்டுத் தட்டினார்கள். தலை வாலானது, வால் தலையானது. தொபியாஸ் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். வாயில் போட்ட சோறு வயிற்று வழியே வந்தது. ரெமிஜியுஸ் வடக்கு ஃபோல்டரிலும் அதையே போடச் சொன்னார், இருபத்தேழு காயம் தெற்குத் தெருவில் போய் விழுந்தது, அங்கேயும் தலையெடுக்கிற பிள்ளைகள்மேல்.

பிறகு கஸ்பார் ஐம்பது ஆளோடு வந்தார். மேல் அம்பு, என்டர். பிறகு ரெமிஜியுஸ் எழுபது ஆளோடு வந்தார். மேல் அம்பு, என்டர். மெஷினை உடைக்க இரண்டு பேருக்கும் பயம், உடைக்கிற நேரத்தில் காயம் யார் மேல் இருக்கிறதோ அவர் மேலேயே நின்றுபோகும் என்று. அதனால் அறைக்கு வெளியேதான் வெட்டிக்கொண்டார்கள், உள்ளே வந்தவர்கள் கையைத் துடைத்துவிட்டுக் கீபோர்டுச் சாவியைத் தொட்டார்கள். ஊர் அதையும் பழகிக்கொண்டது. காயம் வரப்போகிற வீடுகளில் பாயை விரித்து வைத்தார்கள், பழந்துணியைக் கிழித்து வைத்தார்கள்; காயம் போய்விட்ட வீடுகளில் அவசர அவசரமாக உலை வைத்தார்கள், அடுத்தது வருவதற்குள் பிள்ளை ஒரு வாய் சாப்பிடட்டும் என்று. கோயில் மணியடிக்கிறவர் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று பார்த்து, தெற்குக்குப் போனால் ஒரு மணி, வடக்குக்குப் போனால் இரண்டு மணி அடித்தார். சத்தம் கேட்டதும் அம்மாமார் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். நடுப்பகலுக்குள் பத்துத் தடவை காயம் இடம் மாறியது. பத்தாவது மாற்றத்தில் ரேஷன் கடை அல்போன்ஸ் எழவில்லை. கழுத்தில் காயம் இல்லை, சட்டையில் ரத்தம் இல்லை, காயம் அவரை விட்டுத் தெற்கே போய்விட்டது, ஆனால் அது அவர்மேல் இருந்த நேரத்திலேயே அவர் போய்விட்டிருந்தார். அவரைக் கட்டிலில் நேராகக் கிடத்தி, டாக்டர் மீனலோசனி ஜெசிந்தாவின் அறைக்கு வந்து நின்றார்.

"ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குது. உன் தம்பியும் அந்த வில்பிரட்டும் இன்னும் ஒரு தடவைதான் தாங்குவார்கள். அப்புறம் காயம் யார் மேல் நிற்கிறதோ அவர் போய்விடுவார்."

அப்போது காயம் தொபியாஸ்மேல் இருந்தது. கஸ்பார் மறுபடி ஆள் திரட்டப் போயிருந்தார், ரெமிஜியுஸ் அல்போன்ஸுக்குப் பெட்டி சொல்லப் போயிருந்தார், அறையில் ஜெசிந்தா மட்டும் இருந்தாள். தட்டினால் தம்பி எழுவான், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளை விழுவான். தட்டாவிட்டால் வில்பிரட் பிழைப்பான், தம்பி சாவான். அவள் இரண்டையும் நினைத்தாள், தட்டுவதைக் கொஞ்சம் அதிகமாகவே நினைத்தாள், விரல் மேல் அம்பில் போய் உட்கார்ந்தும்விட்டது. கண்ணாடி வழியே தொபியாஸின் கால் தெரிந்தது, இழுத்து இழுத்துக்கொண்டு.

விரலை எடுத்தாள். கொசு மருந்து அடிக்க வீடு வீடாகப் போய் எடுத்து வைத்த பட்டியல் ஒன்று அதே மெஷினில் இருந்தது. தெற்கு, வடக்கு, கோயில் வீடு, போலீஸ் குடியிருப்பு, தொட்டில் பிள்ளை வரைக்கும், நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டு ஃபோல்டரிலும் ஐம்பத்தெட்டு வரி. ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொள், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேருக்கும் ஒரு வரியாக ஆக்கு, தலையில் அந்தப் பேரை வை, இடத்தைத் தொடாதே, ஆழத்தை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாகப் பிரி. பிரிக்கலாம், குறைக்க முடியாது. வாலுக்கு வந்தபோது நின்றாள். வால் காலியாக இருந்தால் வரி சிக்காது. இத்தனை பேரையும் வெட்டப்போவது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜெசிந்தா என்று அடித்தாள்.

வழக்கம்போல முதலில் ஒரு வரி. தன் பேரிலேயே விட்டுப் பார்த்தாள். சேலைக்குள் வயிற்றில் முள் இழுத்த மாதிரி ஒரு கோடு திறந்து ஈரமானது. சரிதான் என்று மீதியை விட்டாள்.

இரண்டரை லட்சம் வரி எழுதுவதற்கு அந்தப் பழைய மெஷின் முனகிக்கொண்டே நேரம் எடுத்தது. அது எழுத எழுத ஊர் கீறியது. கொட்டகையில், கோயிலில், அடுப்பங்கரையில், கடலில் நின்ற படகில், உடம்பில் ஐம்பத்தெட்டு இடத்தில் ஐம்பத்தெட்டுக் கோடு, நெற்றியில், கழுத்தில், தோளில், வயிற்றில், உள்ளங்கையில், கால் நரம்பில். நூல் நூலாக ரத்தம் கசிந்தது. ஆள் திரட்டிக்கொண்டிருந்த கஸ்பார் வாயைத் திறந்தபடி தன் வெள்ளைச் சட்டை கோடு கோடாகச் சிவப்பதைப் பார்த்தார். ஃபாதர் தூக்கிய கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொட்டில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன. ஒரு ஊரின் அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக அழுத சத்தம் கடலுக்குள் வெகுதூரம் போனது, அங்கே இருந்தவர்களும் அதே நேரத்தில் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மீனலோசனியும் பட்டியலில் இருந்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, தொபியாஸின் வயிற்றுக் கட்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு கீறல்தான் இருந்தது.

மணியடிக்கிறவர் எத்தனை மணி அடிப்பது என்று தெரியாமல் கயிற்றை விட்டுவிட்டார்.

பிறகு ஊர் நடந்து வந்தது. தெற்கும் வடக்கும் ஒரே ரோட்டில், துணியில் ஒரே மாதிரி கோடுகளோடு, யார் எந்தத் தெரு என்று தெரியாமல் கலந்து வந்தது. யார் செய்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜெசிந்தா அறைக்கதவைத் திறந்து வைத்து, திரையை வாசல் பக்கம் திருப்பி, மேல் அம்பைத் தட்டித் தட்டி அந்தப் பழைய கட்டளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். தலையை வாலாக்கு, வாலைத் தலையாக்கு. ஒரே ஒரு என்டர்தான் பாக்கி. தட்டினால் இரண்டரை லட்சம் வரியும் திரும்பும், ஐம்பத்தெட்டுக் காயமும் முழு ஆழத்தில் ஒரே உடம்புக்கு வரும்.

"மூடிவிடு அம்மா," என்றார் டாக்டர்.

"சொல்லாம வெட்டிட்டேன் டாக்டர். அவங்களும் தட்டுறதுன்னா தட்டட்டும்," என்றாள் ஜெசிந்தா. நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கைப்பிள்ளையோடு வந்த ஒருத்தி பிள்ளையின் உள்ளங்கையை விரித்து ஜெசிந்தாவின் முகத்துக்கு நேராகக் காட்டினாள், காட்டிவிட்டு அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். ஜெரோம் மடங்காத கையோடு வந்து, "எனக்கு இது பத்தோட பதினொண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார். ரெமிஜியுஸ் திரையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், அல்போன்ஸுக்குப் பெட்டி அளவெடுத்த கயிறு இன்னும் கையில் இருந்தது, அதைச் சுருட்டிக்கொண்டே போனார். கஸ்பார் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரையும் ஒண்ணாக்கிட்டன்னு நெனப்பா ஒனக்கு?"

"இல்ல மாமா."

"நாளைக்கும் வலை அறுப்பான். நாளைக்கும் வெட்டுவோம்."

"தெரியும் மாமா."

"பின்ன எதுக்குளா?"

"தம்பி சாகாம இருக்க."

கஸ்பார் விரலை நீட்டி என்டரின் மேல் வைத்தார், நகக்கண்ணில் ரத்தம் உறைந்திருந்தது. மருமகள் முகத்தைப் பார்த்தார். "சனியனே," என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வந்த தொபியாஸ் அறைக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று, தன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் கூட்டத்தோடு போனான். அவர்கள் அவனைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை.

வெயில் தாழ்ந்து, வரிசை தேய்ந்து, கடைசியில் ஒருத்தி வந்தாள். எமரென்சியா. மகனின் பெட்டியைக் கையில் வைத்திருந்தாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து எடுத்து வந்தது, பூட்டு உடையாமல் இருந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஜெசிந்தாவுக்கு எதிரே, கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் யாரும் உட்காரவில்லை.

"எந்தச் சாவி?"

ஜெசிந்தா காட்டினாள். எமரென்சியா அதன்மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.

"வில்பிரட் எப்படி இருக்கான் அத்தை?"

"அவன் பேர ஒன் வாயால சொல்லாத." விரல் அங்கேயே இருந்தது. "மடியில வாரிப் போட்டுட்டு வந்தேன் எம்புள்ளையோட கொடல. ஈ மொய்க்காம இருக்க முந்தானைய விசிறிக்கிட்டே வந்தேன். ரோட்டுல ஒருத்தி பாத்துட்டு வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்துனா. அஞ்சு தடவ அவன் படுத்தான், அஞ்சு தடவ எந்திரிச்சான். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு என்ன கேட்டான் தெரியுமா? பஸ்ஸு போயிட்டாம்மான்னு கேட்டான்."

ஜெசிந்தா தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"கஸ்பார் சொன்னான். அவன் சொல்லுவான், அவன் அப்படித்தான். அடிச்சது யாரு?"

"நான்."

"அவன் அங்க இல்லன்னு தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அடிச்சியா?"

"தெரிஞ்சுதான் அடிச்சேன் அத்தை."

எமரென்சியாவின் விரல் சாவியை அழுத்தியது, பாதி. சாவி கொஞ்சம் இறங்கியது, திரையில் ஒன்றும் நகரவில்லை. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவள் நெற்றிக் கீறலில் ஒரு துளி திரண்டு, மூக்கு நுனி வரை வந்து, மடியில் இருந்த கையின்மேல் விழுந்தது. எமரென்சியாவின் நெற்றியிலும் அதே இடத்தில் அதே துளி திரண்டது.  வெளியே டாக்டர் தண்ணீர் ஊற்றி வராந்தாவைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மெஷினு நாளைக்கும் இருக்கும்லா?" என்று கேட்டாள் எமரென்சியா.

"இருக்கும் அத்தை."

"நாளாண்ணைக்கு?"

"இருக்கும்."

"நீயும் இங்கதான் இருப்ப."

"இங்கதான் இருப்பேன்."

எமரென்சியா விரலை எடுத்தாள். எடுத்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஈரமான வராந்தாவில் வழுக்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்து, வாசலைத் தாண்டி, வடக்கே நடந்து போனாள்.